பழைய இரும்பிலிருந்து ஒரு பந்தய வண்டி



உங்கள் வீட்டின் பின்புறத்திலோ, பட்டறை வேலியோரத்திலோ பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளின் சக்கரம் ஒன்று துருவேறிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். நாம் 'கப்சாய்' என்று அழைக்கும் அந்தச் சிறிய மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைப் பார்த்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றும்? பழைய இரும்பு வாங்குபவர் வரும்போது நிறுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால், அமெரிக்காவில் சிலர் அதே அளவுடைய சக்கரத்தைத் தேடிப் பிடித்து, துடைத்து, தூக்கி நிறுத்திப் பார்த்து, 1920ஆம் ஆண்டுப் பந்தயக் காருக்கு ஏற்ற சக்கரம் கிடைத்துவிட்டது என்று மகிழ்கின்றனர். அவர்கள் தம் கையாலேயே கட்டும் வண்டிக்குச் 'சைக்கிள்கார்ட்' என்று பெயர். அவ்வண்டி எவ்வாறு உருவாகிறது, அதனுள் அடங்கிய இயந்திர நுட்பம் யாது, பழைய பொருள்களில் எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றேன்.

இப்பள்ளியிலே பயின்று, பின்னர் நெடுங்காலம் பட்டறைத் தொழிலில் ஈடுபட்டவன் நான். மேலே கூறியவற்றுள் கடைசி வினாவே எனக்கு மிக முக்கியமானது. அதற்குரிய காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தோட்டத்தில் வளர்ந்த நாளில் கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருள் எங்களிடம் கிடையாது. பேரிங் வண்டி ஒன்றுதான் எங்கள் வாகனம். ஒரு நீண்ட பலகை. அதன் அடியில் முன்னும் பின்னும் ஒவ்வொரு குறுக்குக் கட்டை. கட்டைகளின் முனைகளில் தேய்ந்துபோன நான்கு பேரிங்குகள். முன்கட்டையைப் பலகையுடன் நடுவில் ஒரே ஒரு போல்டினால் பிணைத்திருப்போம். அக்கட்டையின் இரு முனைகளிலும் கட்டிய கயிறுதான் ஸ்டியரிங். காலில் போட்டிருந்த ரப்பர்ச் சிலிப்பர்தான் பிரேக்கு.

ஒரு பள்ளி விடுமுறையில் என் அண்ணன் புதிய வண்டி ஒன்று செய்தார். நடுப் போல்டைப் பழைய இரும்புக் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினார். தோட்டத்து அலுவலகத்திலிருந்து கீழே இறங்கும் தார்ச்சாலையில் வண்டியை விட்டார். பாதி வழியில் 'டக்' என்று ஓசை கேட்டது. முன்கட்டை தனியே உருண்டோடியது. பலகையின் மூக்கு தாரில் குத்தி நின்றது. அண்ணன் மட்டும் நிற்கவில்லை; காய்ந்த கால்வாய்க்குள் போய் விழுந்தார். இடக்கை முறிந்தது. அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிய எங்கள் அப்பா, சாலையில் கிடந்த போல்டின் இரண்டு துண்டுகளையும் தேடி எடுத்து, முறிந்த முகத்தை எனக்குக் காட்டினார். வட்டமான அம்முகத்தில் பாதி கறுத்திருந்தது. மறுபாதி வெள்ளியைப் போல மின்னியது.

“பாரு தம்பி, இது இன்னைக்கு உடைஞ்சதில்லே. கறுப்பா இருக்கிற பாதி எப்பவோ உடைஞ்சு போச்சு. மீதிப் பாதிதான் இன்னைக்கு உடைஞ்சது” என்றார்.

அவர் கூறியதன் பொருளைப் பட்டறைத் தொழிலுக்கு வந்த பின்னரே முழுமையாக உணர்ந்தேன். இரும்பு மீண்டும் மீண்டும் வளைவதாலும் இழுபடுவதாலும் களைத்துப் போகும். முதலில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். அவ்விரிசலுக்குள் ஈரமும் காற்றும் புகுந்து கறுக்கச் செய்யும். மேலே எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் உள்ளே இருக்கும் விரிசல் அங்கேயேதான் இருக்கும். பெரும்பாலும் மரையின் பள்ளத்திலே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சைக்கிள்கார்ட் என்னும் பொழுதுபோக்கு 1990களின் நடுவில் கலிபோர்னியாவில் தோன்றியது. இன்று பல ஊர்களில் இதற்கென ஓட்டங்கள் நிகழ்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டையட்டன் என்னும் சிற்றூரில் நடந்த ஓட்டம் அவற்றுள் பெயர் பெற்றது. பெயர் புதியதே ஆயினும் எண்ணம் பழையது. 1910ஆம் ஆண்டளவில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் கார் வாங்க வசதியற்ற இளைஞர்கள், மோட்டார் சைக்கிளின் எஞ்சினையும் மெல்லிய சக்கரங்களையும் கொண்டு 'சைக்கிள்கார்' என்னும் சிறு வண்டிகளை உருவாக்கினர். 1912இல் பல நாட்டு மோட்டார் சைக்கிள் சங்கங்கள் கூடி, 350 கிலோவுக்கும் 1,100 கன செண்டிமீட்டர் எஞ்சினுக்கும் மேற்படாதவையே பெரிய வகைச் சைக்கிள்கார்கள் என்று வரையறை செய்தன. பாரிசில் தோன்றிய 'பெதெலியா' என்னும் சைக்கிள்காரில் பயணி முன்னால் அமர, ஓட்டுநர் பின்னால் அமர்ந்திருப்பார்! அதன் முன்அச்சு எங்கள் பேரிங் வண்டியைப் போலவே நடுவில் ஒற்றைப் பிணைப்பில் திரும்பியது. கயிற்றுக்குப் பதிலாகக் கம்பிவடம் இழுத்தது. இதைப் பிற்காலத்தில் படித்தபோது, என் அண்ணனும் ஒரு பொறியாளர்தாம் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

சைக்கிள்கார்களின் காலம் நீடிக்கவில்லை. 1922இல் இங்கிலாந்தில் ஆஸ்டின் செவன் என்னும் சிறிய கார் வெளிவந்தது. அதன் வரைபடங்களை ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பாருடன் சேர்ந்து வரைந்த ஸ்டான்லி எட்ஜுக்கு அவ்வேலையைத் தொடங்கியபோது வயது 18தான். உண்மையான கார் ஒன்றே குறைந்த விலையில் கிடைக்கத் தொடங்கியதும் சைக்கிள்கார்கள் மெல்ல மறைந்தன. இன்று சைக்கிள்கார்ட் கட்டுவோர், அக்காலச் சைக்கிள்கார்களையும் ஆஸ்டின் செவன் போன்ற சிறு கார்களையும் பழைய பந்தயக் கார்களையும் பார்த்து, அவற்றின் தோற்றத்தில் தம் வண்டியை அமைக்கின்றனர். அப்படியே படியெடுக்க வேண்டும் என்பதில்லை. அக்காலத்தில் இப்படியும் ஒரு கார் இருந்திருக்கலாம் என்று காண்போர் நம்பினால் போதும்.

இனி வண்டிக்கு வருவோம்.

கட்டுவோர் தமக்குள் சில அளவுகளை வைத்துக்கொண்டிருக்கின்றனர். எஞ்சின் ஏறத்தாழ 200 கன செண்டிமீட்டர். தண்ணீர் இறைக்கும் பம்பிலும் சிறு மின்னாக்கியிலும் பொருத்தப்படும் ஒற்றை உருளை எஞ்சின் அது. சக்கரம் 17 அங்குலம். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே சுமார் 165 செண்டிமீட்டர். வண்டியின் மொத்த எடை சுமார் 113 கிலோ. இவற்றை மீறினால் சிறையில் அடைக்கமாட்டார்கள். ஆனால், எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவில் கட்டினால்தான், பணம் மிகுந்தவர் பெரிய எஞ்சினைப் போட்டு வெல்லும் நிலை வராது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

சக்கரத்தில் தொடங்குவோம். மெல்லிய டயரும் ஆரக்கம்பிகளும் கொண்ட 17 அங்குலச் சக்கரம் பழங்காலக் காரின் சக்கரத்தைப் போலவே தோன்றும். ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போது எப்படிச் செல்கிறது? உட்பக்கமாகச் சாய்ந்து செல்கிறது. அதனால் பாரம் ஆரக்கம்பிகளின் வழியே நேராகவே இறங்குகிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் மடக்குவதில்லை. நான்கு சக்கர வண்டியால் அவ்வாறு சாய இயலாது. அது வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் அடிப்பகுதி பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. மேலும், மோட்டார் சைக்கிளில் சக்கரத்தின் அச்சை இருபுறமும் தாங்கிப் பிடித்திருப்பார்கள். காரிலோ ஒரு புறம்தான் பிடிப்பு. ஆணியில் தொப்பியை மாட்டியதுபோலச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே பழைய சக்கரத்தை எடுத்தாலும், அதன் குடத்தில் பருமனான புதிய அச்சையும் அதற்கேற்ற பேரிங்குகளையும் பொருத்த வேண்டும். ஆரக்கம்பி ஒவ்வொன்றையும் சிறு கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமான கம்பி 'டிங்' என்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். செவியே இங்கு அளவுகோல்.

அடுத்து, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்கு எப்படிக் கொண்டு செல்வது? நேராக இணைத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் விளிம்பு 17 அங்குலம். மேலும் கீழும் டயரின் உயரம் இரண்டரை அங்குலம் வீதம் கூட்டினால் 22 அங்குலம். அதாவது ஏறத்தாழ 56 செண்டிமீட்டர். வட்டத்தின் சுற்றளவு காண 22/7ஆல் பெருக்குவீர்கள் அல்லவா? 176 செண்டிமீட்டர் வரும். ஆக, சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி 1.76 மீட்டர் நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 முறை சுற்றும். நேரே இணைத்தால் வண்டி மணிக்கு 380 கிலோமீட்டர் ஓட வேண்டும்! இச்சிறிய எஞ்சினுக்கு அவ்வலிமை ஏது? வண்டி அசையாது, எஞ்சின் நின்றுபோகும்.

ஆகவேதான் எஞ்சின் பக்கம் 10 பற்கள் உள்ள சிறு பற்சக்கரத்தையும், பின்அச்சில் 60 பற்கள் உள்ள பெரிய பற்சக்கரத்தையும் வைத்துச் சங்கிலி மாட்டுகிறார்கள். சிறியது ஆறு முறை சுற்றினால் பெரியது ஒரு முறை சுற்றும். 3,600 சுற்று 600 சுற்றாகக் குறையும். 600ஐ 1.76ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 1,056 மீட்டர். மணிக்கு 63 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வேகம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது; ஆனால் சுழற்றும் வலிமை ஏறத்தாழ ஆறு மடங்காகப் பெருகியது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுகின்றோம். நீங்கள் மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது பல்லை மாற்றிக்கொள்வதும் இதற்காகத்தான்.

வண்டி நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே! அதற்குச் சுழற்சியின் விசையாலேயே தானாகப் பற்றும் கிளட்ச் ஒன்று உதவுகிறது. ஒரு கிண்ணத்துக்குள் இரண்டு மூன்று கட்டைகள் இருப்பதாகவும், அவற்றைச் சுருள்வில்கள் உட்புறம் இழுத்துப் பிடித்திருப்பதாகவும் கற்பனை செய்துகொள்ளுங்கள். மெதுவாகச் சுற்றும்போது வில்லின் பிடியே வெல்லும். வேகமாகச் சுற்றினால் கட்டைகள் வெளியே விரிந்து கிண்ணத்தின் சுவரைப் பற்றிக்கொள்ளும், கிண்ணமும் சேர்ந்து சுழலும், சங்கிலி ஓடும், வண்டி நகரும். இராட்டினத்தில் நீங்கள் வெளிப்புறமாக ஒதுங்குகிறீர்களே, அதே நிகழ்ச்சிதான்.

எஞ்சினில் வேகம் வரம்பு மீறாமல் காக்கும் கருவி ஒன்றும் உண்டு. அதைக் கழற்றி எறிந்தால் வண்டி இன்னும் விரைந்து ஓடும் என்று சொல்லித் தரும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அளவு மீறிச் சுழலும் எஞ்சின் உட்பாகங்கள் சிதறி வெடிக்கக்கூடும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பின்அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே அச்சில் இறுகப் பூட்டிய இரு சக்கரங்களும் சமமாகவே சுழலும். ஆனால் வண்டி ஒரு முழு வட்டமாகத் திரும்பும்போது, சக்கரங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 6 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். இரண்டும் பூட்டப்பட்டிருந்தால் ஏதேனும் ஒன்று சாலையில் தேய்ந்து இழுபடும். பெரிய கார்களில் இதற்கெனப் பற்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு. சைக்கிள்கார்ட் கட்டும் பலர் எளிய வழி காண்கின்றனர்: ஒரு பின்சக்கரத்தை மட்டும் அச்சுடன் பூட்டிவிட்டு, மற்றதைத் தன்போக்கில் சுழல விட்டுவிடுகின்றனர்.

இப்போது ஸ்டியரிங். இதுதான் இவ்வண்டியின் அறிவு முழுவதும் குடிகொண்டுள்ள இடம் என்பது என் கருத்து.

எங்கள் பேரிங் வண்டியின் முன்கட்டை முழுவதும் ஒரே போல்டில் திரும்பியது என்றேன். அதில் இரண்டு குறைகள் உண்டு. ஒரு முனையில் உள்ள சக்கரம் கல்லில் மோதினால், அந்தக் கல், அரை மீட்டர் நீளமுள்ள நெம்புகோலைப் பிடித்துத் தள்ளுவதுபோல முன்கட்டையைத் திருப்பிவிடும். கையில் இருக்கும் கயிறு பறிபோகும். மேலும், கட்டை அதிகம் திரும்பத் திரும்ப, முன்சக்கரங்கள் இரண்டும் பலகைக்கடியில் புகுந்துகொள்ளும். வண்டி எளிதில் கவிழும். குதிரை வண்டி கட்டுவோர் இவ்விடரை நன்கு அறிந்திருந்தனர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி கட்டிய லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். அச்சு அசையாமல் நிற்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் மட்டும் தனித்தனி முளைகளில் திரும்பும்படி அமைத்தார். அவருடைய முகவராக இலண்டனில் இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர்! இன்றும் உலகம் அதனை ஆக்கர்மன் அமைப்பு என்றே வழங்குகிறது. இவ்வமைப்பில் முளை சக்கரத்துக்கு மிக அருகில் இருப்பதால் கல்லின் நெம்புகோல் சில செண்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வண்டி திரும்பும்போது நான்கு சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்ற வேண்டும். உள்சக்கரம் சிறிய வட்டத்தில் ஓடுகிறது. வெளிச்சக்கரம் பெரிய வட்டத்தில் ஓடுகிறது. ஆகவே உள்சக்கரம் அதிகமாகத் திரும்பியாக வேண்டும். அச்சுகளுக்கிடையே 165 செண்டிமீட்டரும் சக்கரங்களுக்கிடையே ஒரு மீட்டரும் உள்ள வண்டி, தன் உட்பக்கத்திலிருந்து 3 மீட்டர் தொலைவில் உள்ள மையத்தைச் சுற்றித் திரும்பினால், உள்சக்கரம் ஏறத்தாழ 29 பாகையும் வெளிச்சக்கரம் 22 பாகையும் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியால் இணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் அதிகமாகத் திருப்புவது எப்படி?

இதை நீங்களே அட்டையில் செய்து பார்க்கலாம். பெரிய அட்டை ஒன்றில் 20 செண்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். அவையே முன்சக்கரங்களின் முளைகள். அவற்றுக்குப் பின்னால் 33 செண்டிமீட்டர் தள்ளிப் பின்அச்சைக் கோடாக வரைந்து, அதன் நடுப்புள்ளியைக் குறியுங்கள். ஒவ்வொரு முளையிலும் குத்தூசியால் 6 செண்டிமீட்டர் நீளமுள்ள அட்டைக் கை ஒன்றைப் பொருத்துங்கள். அக்கைகள் நேர் பின்னோக்கி இராமல், பின்அச்சின் நடுப்புள்ளியை நோக்கிச் சற்று உட்சாய்ந்திருக்கட்டும். ஒவ்வொரு கையின் மேலும், முளை இருக்கும் இடத்தில், ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை நேர் முன்னோக்கி ஒட்டுங்கள்; அதுவே சக்கரம். இனிக் கைகளின் நுனிகளை 16.5 செண்டிமீட்டர் நீளமுள்ள அட்டைத் துண்டால் இணையுங்கள். அந்தத் துண்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். இரு குச்சிகளும் திரும்பும். உட்பக்கக் குச்சி அதிகமாகத் திரும்பியிருக்கும். பாகைமானியால் அளந்து உறுதி செய்துகொள்ளலாம். பிறகு கைகளை நேர் பின்னோக்கி வைத்து, 20 செண்டிமீட்டர் துண்டால் இணைத்து, மீண்டும் தள்ளிப் பாருங்கள். இரண்டும் சமமாகவே திரும்பும். அந்தச் சிறு சாய்வு செய்யும் வேலையைக் கண்டீர்களா? முழு அளவு வண்டிக்கு இவ்வளவுகளை 5ஆல் பெருக்கினால் போதும்.

பிரேக்குக்கு வருகிறேன். எஞ்சினைப் பொருத்துவதற்கு முன்னரே பிரேக்கைப் பொருத்திவிட வேண்டும். எஞ்சின் முதலில் வந்துவிட்டால் அதை முடுக்கிப் பார்க்கக் கை பரபரக்கும். முடுக்கினால் ஏறி உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் ஓட்டத் தோன்றும். பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

பெரும்பாலான சைக்கிள்கார்ட்டுகளில் பின்புறம் மட்டுமே பிரேக்கு உண்டு. கால்மிதியின் சுழல்புள்ளியிலிருந்து பாதம் 25 செண்டிமீட்டர் தொலைவிலும் கம்பிவடம் 5 செண்டிமீட்டர் தொலைவிலும் இருந்தால், காலின் விசை ஐந்து மடங்காக வடத்துக்குப் போகும். ஆயினும் பிரேக்கை மிதித்தவுடன் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன, இலேசான சக்கரம் எளிதில் வழுக்கும். வேகத்தின் கணக்கோ இன்னும் கடுமையானது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கு பிடித்து 4 மீட்டரில் நிற்கும் வண்டி, 40 கிலோமீட்டர் வேகத்தில் 8 மீட்டரில் நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு 16 மீட்டர் வேண்டும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

இவ்வளவும் அமைந்த பிறகே உடற்கூடு. சட்டகம் செவ்வகக் குழாய் இரும்பால் ஆனது. அதன்மேல் பிளைவூட் பலகையில் விலா எலும்புகளைப் போல வளைவுகளை அறுத்து நிறுத்தி, மெல்லிய அலுமினியத் தகட்டையோ, சாயம் பூசிய கித்தான் துணியையோ போர்த்துகின்றனர். மர எலும்பின்மேல் துணி போர்த்திய கார்கள் 1920களில் உண்மையாகவே இருந்தன. எனவே இது ஏமாற்று வேலை அன்று. எஞ்சின் காற்றால் குளிர்வது. ஆதலின் முன்னால் தெரியும் ரேடியேட்டர் வெறும் அலங்காரம். பழைய அடுப்பின் கம்பித்தட்டு அதற்குப் போதும். கேக் அச்சு முகவிளக்காகும். நைந்த தோல் இடைவார் எஞ்சின் மூடியைக் கட்டும் வாராகும். நின்றுபோன கடிகாரம் வேகமானியாகி, எவ்வளவு ஓட்டினாலும் பத்து மணி பத்து நிமிடத்தையே காட்டும்! வண்ணத்துக்கும் மரபு உண்டு. அக்காலப் பந்தயங்களில் பிரெஞ்சுக் கார்கள் நீலமாகவும், இத்தாலியக் கார்கள் சிவப்பாகவும், ஆங்கிலக் கார்கள் பச்சையாகவும், ஜெர்மானியக் கார்கள் வெள்ளையாகவும், பின்னர் வெள்ளி நிறமாகவும் ஓடின. பழைய பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று நான் தயங்காமல் சொல்லும் பகுதி இதுதான். கேக் அச்சு கழன்று விழுந்தால் நாம் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஸ்டியரிங் இணைப்பு கழன்றால் சிரிக்க இயலாது. நல்ல கட்டுநர்கள் தம் குவியலை இரண்டாகப் பிரிக்கின்றனர். உடைந்தால் வண்டி நின்றுபோகும் பொருள்கள் ஒரு பக்கம்: எஞ்சின், இருக்கை, உடற்கூடு. இவை பழையனவாக இருக்கலாம். உடைந்தால் வண்டி நிற்காமல் போகும் பொருள்கள் மறுபக்கம்: ஸ்டியரிங் முளை, இணைப்புக் கம்பியின் மூட்டுகள், பிரேக்கு வடம், சக்கர அச்சு, இவற்றைப் பிடிக்கும் போல்ட்டுகள். இவை புதியனவாகவே வாங்கப்பட வேண்டும்; நட்டுகளும் அதிர்வில் கழலாத வகையாக இருத்தல் வேண்டும். சட்டகத்தின் பற்றவைப்பைப் பயிற்சி பெற்றவர் கையிலேயே ஒப்படைக்க வேண்டும். கட்டில் சட்டத்தின் குழாயைப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், சுத்தியலால் தட்டியும் உள்ளே விளக்கடித்தும் துரு தின்ற இடமில்லை என்று கண்ட பிறகு, இருக்கையைத் தாங்க மட்டும் பயன்படுத்தலாம் என்பேன். ஒரு போல்டின் விலையை மிச்சம் பிடித்த கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். அண்ணனின் அந்தக் கை, எலும்பு கூடிய பிறகும் முழுவதும் நீளவில்லை. முழங்கையில் சற்று மடங்கியே நின்றது.

வண்டி தயாரானதும் உடனே எஞ்சினை முடுக்கமாட்டார்கள். முதலில் இருவர் தள்ள, ஒருவர் அமர்ந்து சமதரையில் திருப்பியும் நிறுத்தியும் பார்ப்பார். அடுத்துப் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டி, சங்கிலி நேராக ஓடுகிறதா, வேகத்தைக் குறைத்ததும் கிளட்ச் விடுகிறதா என்று கவனிப்பார்கள். சங்கிலிக்குக் கண்டிப்பாக மூடி இருக்க வேண்டும். சட்டை நுனியை அது ஒருமுறை பிடித்தால் விடாது. பெட்ரோல் தொட்டி வெப்பக் குழாயிலிருந்து விலகி இருக்க வேண்டும். தலைக்கவசம் அணிந்த பெரியவர், மூடிய திடலில், மிதமான வேகத்தில் முதல் ஓட்டம் ஓட்டுவார். இத்தகைய வண்டியைப் பதிவும் உரிமமும் இன்றிப் பொதுச் சாலையில் ஓட்டுவது நம் நாட்டில் குற்றமாகும். உங்கள் வயதுக்கு அட்டை மாதிரியும், பட்டறையில் பெரியவருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பதும் போதும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் ஓட்டம் முடிந்ததும் வேலை ஒன்று மீதமிருக்கும். ஒற்றை உருளை எஞ்சின் அதிகமாக அதிரும். அந்த அதிர்வில் நட்டுகள் தளரும். ஓட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு நட்டின் மீதும் தொடங்கி, அதை ஒட்டிய இரும்பு வரை நீளும்படி வெள்ளைச் சாயத்தால் ஒரு சிறு கோடு இழுத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. கோடு முறிந்திருந்தால் எந்த நட்டு, எவ்வளவு கழன்றது என்று அங்கேயே தெரிந்துவிடும்.